நெடுநாள் நோயும் குறுக்கெழுத்துக் கட்டமும்

அம்மை கண்டவருக்கு ஏழாம் நாளோ, ஒன்பதாம் நாளோ, பதினோராம் நாளோ வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அன்றோடு நோய் தீர்ந்தது என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் தெரிந்துவிடும். பிள்ளை பள்ளிக்குப் போகலாம். பெரியவர் வேலைக்குப் போகலாம். இழுத்துக்கொண்டே போகும் நோய்களுக்கு அப்படி ஒரு நாள் குறிக்க முடிவதில்லை. சிக்குன்குனியா காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் பலருக்கு மாதக்கணக்கில் வலிக்கும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே 6 மாதம். கொரோனா வந்து போனபின் தொடரும் சோர்வுக்கும் மறதிக்கும் மூச்சிரைப்புக்கும் உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில்தான் ஒரு வரையறை கொடுத்தது.

இந்த இடைக்காலத்தில் இருப்பவருக்கு மருந்துச் சீட்டு உண்டு, பத்தியம் உண்டு, 'நல்லா ரெஸ்ட் எடுங்க' என்ற அறிவுரையும் உண்டு. ஆனால் காலை ஏழு மணிக்கு விழித்து இரவு பத்து மணிக்குத் தூங்கும்வரை உள்ள பதினைந்து மணி நேரத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அந்த நேரத்தில்தான் ஒருவர் வார இதழின் குறுக்கெழுத்தை எடுக்கிறார். இன்னொருவர் ஒயர் கூடை பின்னுகிறார். மற்றொருவர் மாடியில் இரண்டு தொட்டிகளில் கீரை விதைக்கிறார். இவை பொழுதைக் கழிக்கும் வழிகள் மட்டும்தானா, உடல் தேறுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மருத்துவ வரலாறு, ஆய்வு முடிவுகள், நம் வீடுகளின் நடைமுறை என மூன்று பக்கமும் பார்த்தபின் எனக்குக் கிடைக்கும் விடை இது: நோயாளி மீண்டும் தானே முடிவெடுக்கும் முதல் இடம் பொழுதுபோக்கு. அதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. ஆகவே அதைத் தேர்ந்தெடுப்பதும் அதற்கு அளவு வைப்பதும் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

ஓய்வு முறையும் வேலை முறையும்

நெடுநாள் நோய்க்கு ஓய்வு நல்லதா, வேலை நல்லதா என்ற வழக்கு மருத்துவத்தில் நூற்றைம்பது ஆண்டுகளாக நடக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1870களில் 'ஓய்வு சிகிச்சை'யைப் பரப்பினார். வாரக்கணக்கில் படுக்கை, உறவினரைப் பார்க்கத் தடை, பாலும் கொழுப்பும் மிகுந்த உணவு, உடல் பிடித்துவிடுதல் ஆகியவை அதன் கூறுகள். படிப்பதும் எழுதுவதும் தைப்பதும்கூடக் கூடாது. இந்தச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பெண்களே ஆளானார்கள். அவர்களில் ஒருவர் எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். 1887இல் சிகிச்சை பெற்ற அவரிடம் பேனாவையும் தூரிகையையும் தொடவே வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை 1892இல் வெளியானது. ஓர் அறையில் அடைக்கப்பட்டு, எழுதவும் விடாமல் தடுக்கப்படும் பெண்ணின் மனம் சுவரில் ஒட்டிய தாளின் கோலங்களுக்குள் சிதறிப்போவதை அந்தக் கதை காட்டுகிறது. மனத்துக்கு வேலை கொடுக்காத ஓய்வும் ஒரு தண்டனையாகலாம் என்பதற்கு இன்றும் அதுவே முதல் சாட்சி.

எதிர்த்தரப்பும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்பிள்ஹெட் என்ற கடற்கரை ஊரில் மருத்துவர் ஹெர்பர்ட் ஹால் 1904 முதல் நரம்புத் தளர்ச்சி நோயாளிகளுக்கு நெசவும் மண்பாண்டத் தொழிலும் கற்றுக்கொடுத்தார். அதற்கு 'வேலை சிகிச்சை' என்று பெயர். ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் காசநோயாலும் பிறகு உடலின் இடப்பக்கம் செயலிழந்ததாலும் துன்பப்பட்டவர். தோட்ட வேலையும் மரவேலையும் செய்து தன்னைத் தேற்றிக்கொண்ட அவர், 1914இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் தன்னைப் போன்றவர்களுக்கென ஓர் இல்லம் திறந்தார். 1917 மார்ச்சில் அந்த இல்லத்தில் ஆறு பேர் கூடித் தொடங்கிய சங்கமே 'ஆக்குபேஷனல் தெரபி' என்ற துறைக்கு அடித்தளம். இந்தியாவில் அத்துறைக்கான முதல் பள்ளியை 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார்.

தமிழ்நாட்டில் இதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பெரிய எடுத்துக்காட்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் மருத்துவர் பால் பிராண்ட். விரல் நிமிர்ந்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு வேலை தெரிய வேண்டும் என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். கல்லூரி வளாகத்தில் நவ ஜீவ நிலையம் உருவாகி, அங்கே தச்சு வேலை கற்றுக்கொடுக்கப்பட்டது. 1954இல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு அதே கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தொடங்கினார்.

பிரிட்டனில் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947இல் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த வழக்கில் ஒரு திருப்பம். ரத்தக் குழாயில் ரத்தம் உறைதல், தசை மெலிவு, எலும்புத் தேய்வு, மலச்சிக்கல், மனச்சோர்வு என்று நீண்ட படுக்கையின் தீமைகளை உறுப்பு உறுப்பாக அவர் வரிசைப்படுத்தினார். அதன்பின் நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி உட்காரவைப்பதே பொது விதியாயிற்று.

சிகிச்சை வீட்டுக்கு வந்தபோது

நெடுநாள் நோய்க்கு ஒரு காலத்தில் சானடோரியம் என்ற தனி இடம் இருந்தது. 1917இல் இங்கிலாந்தில் நோயுற்ற கணித மேதை ராமானுஜன் சென்ற சானடோரியங்களில் ஒன்று, மெண்டிப் மலைப்பகுதியில் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் நடத்தியது. அதே சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் அமைத்தார். பின்னர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. காற்றும் வெயிலும் உணவும் ஒழுங்கான நாளும்தான் அக்காலச் சானடோரியங்களின் மருந்து. எத்தனை மணிக்குப் படுப்பது, எத்தனை மணிக்கு நடப்பது, எப்போது கைவேலை என்பதெல்லாம் அட்டவணையில் இருக்கும். இங்கிலாந்தின் பிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், கூடை சுமப்பதில் தொடங்கி மண்வெட்டி பிடிப்பதுவரை படிப்படியாக உயரும் உழைப்பு முறையையே வகுத்திருந்தார்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இந்தப் படத்தை மாற்றியது. 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவர்கள் வீட்டிலும் ஓராண்டு அதே மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். உணவும் ஓய்வும் குறைவு. ஆனாலும் இரு தரப்பிலும் குணமானவர்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஏழைகளுக்கு அது செய்த நன்மை அளவிட முடியாதது.

ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்தபோது அட்டவணை வரவில்லை. நாளை வகுத்துக்கொடுக்கச் செவிலியர் இல்லை. பக்கத்துப் படுக்கையில் அதே நோயோடு பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. தேறும் காலத்தின் முழுப் பொறுப்பும் நோயாளியின் தலையிலும் வீட்டாரின் தலையிலும் விழுந்தது. பொழுதுபோக்கு பற்றிய கேள்வி இன்று இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் இதுதான்.

குறுக்கெழுத்து ஏன் பொருந்துகிறது

ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வோர்ல்ட்' இதழில் வைர வடிவக் கட்டத்தில் வெளியிட்ட புதிரிலிருந்து இன்றைய குறுக்கெழுத்தின் கதை தொடங்குகிறது. லண்டன் 'டைம்ஸ்' 1930இல் அதை ஏற்றது. 'நியூயார்க் டைம்ஸ்' பல ஆண்டுகள் தள்ளிவைத்திருந்து, உலகப் போருக்கு நடுவே 1942 பிப்ரவரியில்தான் வெளியிடத் தொடங்கியது. தமிழில் 1930களில் ஆனந்த விகடன் நடத்திய பரிசுப் போட்டிகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. அப்போது பரிசுப் பணத்துக்காகவே பலர் கட்டம் நிரப்பியதால் அது சூதாட்டமா என்ற விவாதமும் கிளம்பியது. இந்தியா முழுவதும் பெருகிய இத்தகைய போட்டிகளைக் கட்டுப்படுத்த 1955இல் தனிச் சட்டமே வந்தது. பரிசுத் தொகை மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது அது. அந்தக் காலத்துச் சந்தேகம் இப்போது இல்லை. தினமலர் வாரமலர் போன்ற இதழ்களின் கட்டங்கள் இன்று ஞாயிற்றுக்கிழமைக் காலையின் பகுதியாகிவிட்டன.

தேறும் காலத்துக்கு இந்தக் கட்டம் பொருந்துவதன் காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. நீண்ட காய்ச்சலுக்குப் பின் வரும் மறதி தனி வகை. தெரிந்த சொல் நாக்கின் நுனியில் நிற்கும், வெளியே வராது. நாவலை எடுத்தால் முப்பதாம் பக்கத்தில் இருக்கும்போது பத்தாம் பக்கத்தில் வந்த பாத்திரம் யார் என்று தெரியாது. தொலைக்காட்சி நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அதனால் எதையும் திருப்பித் தருவதுமில்லை. குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பும் ஒற்றை வரி. இரண்டு நிமிடம் முயன்று, கண்ணை மூடிப் படுத்து, மாலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எதுவரை வந்தோம் என்பதைக் கட்டமே நினைவு வைத்திருக்கும். தெரியாத சொல்லுக்குத் தெரிந்த சொல் உதவுகிறது. ஒரு விடை விழுந்ததும் அதைக் குறுக்கே வெட்டும் மூன்று சொற்களுக்கு ஒவ்வோர் எழுத்து கிடைத்துவிடுகிறது.

தமிழ்க் கட்டத்துக்கு இன்னும் ஒரு தனித்தன்மை உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; தமிழில் 247. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற விதிப்படி 'தி' ஒரு கட்டம், 'ங்' ஒரு கட்டம். தமிழ்ச் சொற்கள் பல ம், ன், ள், ர் என்று புள்ளி எழுத்தில் முடிகின்றன. ஆனால் புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்குவதில்லை. ஆகவே இடமிருந்து வலமாக 'திங்கள்' என்று நிரப்பிவிட்டால் கடைசிக் கட்டத்து 'ள்' தலைவலியாகிவிடும். அதிலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. அதற்குத்தான் கீழிருந்து மேல், வலமிருந்து இடம் என்ற திசைகளும் உதவுகின்றன. 'பொருள்' என்ற சொல்லைக் கீழிருந்து மேலாக எழுதினால் 'ள்' உச்சிக் கட்டத்தில் வந்து பொருந்தும். நம் இதழ்களின் குறுக்கெழுத்தில் நான்கு திசைகள் இருப்பதும், சில விடைகள் குழம்பியிருப்பதும் தமிழின் இயல்புக்கு வசதியான ஏற்பாடுகள்.

குறிப்புகளிலும் இரண்டு வகை உண்டு. 'வாரத்தின் இரண்டாம் நாள்' என்று நேராகக் கேட்பது ஒரு வகை. 'வேலைக்குக் கிளம்பும் நாளில் இரவு வானம் பார்த்தால் தெரியும் (4)' என்று சுற்றிக் கேட்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் விடை திங்கள்தான். முதல் வகை நினைவைத் தட்டுகிறது. இரண்டாவது வகையில் நாளும் நிலவும் ஒரு சொல்லில் சந்திக்கும் நொடியில் படுத்திருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பல வாரங்களாக வலியையும் மாத்திரையையும் மட்டுமே கவனித்த மனத்துக்கு அந்தச் சிரிப்பு பெரிய விஷயம். ஆனால் உடல் மிகத் தளர்ந்திருக்கும்போது முதல் வகையே போதும். இரண்டாவது வகை கேட்கும் உழைப்பு அதிகம்.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை வருகின்றன

'தினமும் குறுக்கெழுத்து போட்டால் மூளை கூர்மையாகும், மறதி நோய் வராது' என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அதே குழுவினரைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வு, மறதி நோய் வந்தவர்களிலும் குறுக்கெழுத்து போட்டு வந்தவர்களுக்கு நினைவாற்றல் வேகமாகச் சரியத் தொடங்குவது சுமார் இரண்டரை ஆண்டு தள்ளிப்போனதாகக் கண்டது.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து 2018இல் வந்த முடிவு வேறு. 1936இல் பிறந்த 498 பேர் தம் 11ஆம் வயதில் எழுதிய அறிவுத் தேர்வின் மதிப்பெண்கள் பாதுகாக்கப்பட்டிருந்தன. முதுமையில் அவர்களை மீண்டும் சோதித்தபோது, புதிர் விடுவிப்பவர்களின் தொடக்க நிலை உயர்வாக இருந்தது. சரிவின் வேகம் மட்டும் மற்றவர்களைப் போலவே இருந்தது. 2022இல் கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் லேசான மறதி உடைய 107 பேரில் ஒரு பகுதியினருக்குக் கணினியில் குறுக்கெழுத்தும் மற்றவர்களுக்கு மூளைப்பயிற்சி விளையாட்டுகளும் கொடுத்து 78 வாரம் கவனித்தார்கள். குறுக்கெழுத்துக் குழுவே சற்று மேம்பட்டது. ஆனால் எதுவும் செய்யாத மூன்றாவது குழு அந்த ஆய்வில் இல்லை.

இவை எல்லாம் முதியவர்களைப் பற்றியவை. டைபாய்டிலிருந்தோ காசநோயிலிருந்தோ மீளும் முப்பது வயதுக்காரருக்கு இந்த எண்களை அப்படியே பொருத்துவது சரியாகாது. நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2023இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பு. 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,263 பேரின் தகவல்களில், ஏதேனும் ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவு, மனநிறைவு அதிகம் என்று தெரிந்தது. அதுவும் முதியோர் ஆய்வுதான்; ஆனால் அது அளந்தது மனத்தின் நிலையை. மனச்சோர்வுச் சிகிச்சையிலும் இதே திசையில் ஒரு முறை உண்டு. பிடித்த செயல்களைச் சிறு சிறு அளவில் நாளுக்குள் திரும்பக் கொண்டுவருவது அது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் அதற்கு அடித்தளமிட்டார். மனம் தெளிந்தபின் செயல் வரட்டும் என்று காத்திராமல், செயலிலிருந்து மனத்துக்குப் போகும் வழி.

ஆகவே கட்டம் நிரப்புவது மூளைக்கு மருந்து என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. நாளின் நடுவே மனம் இறங்கிப்போகாமல் தாங்குகிறது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். தேறும் காலத்துக்கு அதுவே பெரிய உதவி.

கைகள் கேட்கும் வேலை

சிக்குன்குனியா 2006இல் நீண்ட இடைவெளிக்குப் பின் இந்தியாவில் மீண்டும் பரவியபோது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மூட்டுவலிக்காரர்கள் இருந்தார்கள். காலையில் பல் தேய்க்கப் பிரஷ்ஷைப் பிடிக்கவே விரல் மடங்காது. அத்தகைய கைக்கு எந்த வேலை பொருந்தும் என்பது நுணுக்கமான கேள்வி.

ஒயர் கூடையை எடுத்துக்கொள்வோம். ஒரே நீளத்தில் வெட்டிய ஒயர்களை இரண்டாக மடித்து, முடிச்சு முடிச்சாக அடிப்பகுதி போட்டு, பிறகு சுற்றி ஓடும் ஒயரால் சுவர் எழுப்ப வேண்டும். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று வகைகள் உண்டு. எந்த வகையிலும் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்காவிட்டால் கூடை தொளதொளவென்று நிற்கும். அந்த இழுப்புதான் வீங்கிய விரலுக்கு ஆகாதது. பூ கட்டுவதற்கு அவ்வளவு பலம் வேண்டாம். வாழை நாரும் இரண்டு விரல் லாகவமும் போதும். வாசலில் கோலம் போடக் குனிய முடியாதவர் நோட்டில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடலாம். கோடு எங்கும் அறாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேர்வதில் குறுக்கெழுத்துக்கு இணையான யோசனை இருக்கிறது. வலி குறையும்போது பூவிலிருந்து கூடைக்கும், நோட்டிலிருந்து வாசலுக்கும் போகலாம். பிரிம்லி சானடோரியத்தின் படிமுறையை நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே அமைத்துக்கொள்ள முடியும்.

உடல் மறுப்பதை ஏற்றுக்கொண்டு வேலையின் வடிவத்தை மாற்றியவர்களில் ஓவியர் ஆன்ரி மத்தீஸ் முக்கியமானவர். வழக்கறிஞர் அலுவலக எழுத்தராக இருந்த அவருக்கு இருபது வயதையொட்டிக் குடல்வால் அழற்சி வந்தது. தேறும் நாட்களில் பொழுது போகட்டும் என்று அவருடைய தாய் ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அவர் ஓவியரானது அதிலிருந்துதான். 1941இல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநேரம் நின்று வரைய முடியாமல் போனபோது, வண்ணம் தீட்டிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார். உதவியாளர்கள் அவற்றைச் சுவரில் பொருத்தினார்கள். 1947இல் வெளிவந்த 'ஜாஸ்' தொகுப்பு அப்படிப் பிறந்தது. எல்லோரும் மத்தீஸ் ஆக வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாய் செய்ததை எந்த வீட்டிலும் செய்யலாம்.

செடி வளர்ப்பதும் இந்த வரிசையில் சேரும். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த 23 பேர், செங்கல் சுவரையே பார்த்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். சிறிய ஆய்வுதான். இருந்தாலும் படுக்கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவதற்குச் செலவில்லை. வெந்தயம் தூவினால் சில நாட்களிலேயே முளை தெரியும். தேதியெல்லாம் ஒன்றாகத் தெரியும் காலத்தில் நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் காட்டும் ஒரு பொருள் கண்முன் இருப்பது நல்லது.

அளவே முக்கியம்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, நோயாளி எவ்வளவு செய்தாலும் நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. நீடித்த களைப்பு நோயும் கொரோனாவுக்குப் பிந்தைய சோர்வும் உள்ளவர்களில் பலருக்கு, உழைத்த அன்று தெம்பாக இருந்துவிட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் முற்றாகச் சரிந்துவிடுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் நீடித்த களைப்பு நோய்க்கான வழிகாட்டுதலைத் திருத்தியது. உடற்பயிற்சியை வாரா வாரம் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டே போகும் பழைய முறை அதில் கைவிடப்பட்டது. அன்றைக்கு உள்ள சக்திக்குள் அடங்கி நடப்பதே புதிய அறிவுரை. அந்தக் கணக்கில் உடலுழைப்போடு மன உழைப்பும், பேச்சும், உணர்ச்சி வேகமும் சேரும். ஆக, கடினமான குறுக்கெழுத்தும் ஓர் உழைப்புதான். வந்தவர்களோடு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசுவதும் உழைப்புதான்.

இதிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. களைத்தபின் நிறுத்துவதைவிடக் களைக்கும் முன்பே நிறுத்த வேண்டும். கட்டம் பாதியில் இருந்தால் இருக்கட்டும். இன்று செய்தது அதிகமா என்பதை இன்றைய தெம்பை வைத்துப் பார்க்காமல், நாளை மறுநாள் உடல் சொல்வதை வைத்துப் பார்க்க வேண்டும். நேரம் கணக்கிடும் செயலிகளும் மதிப்பெண் பட்டியலும் இந்தக் காலத்துக்கு வேண்டாம். அச்சிட்ட தாளும் பென்சிலும் அவசரப்படுத்துவதில்லை. படிக்கவும் முடியாத நாட்களில் கண்ணை மூடி வானொலி கேட்பதும் ஒரு பொழுதுபோக்குதான். அதையும் தாங்க முடியாத நாளில் வெறுமனே படுத்திருக்கலாம். மிட்செலின் ஓய்வு தீங்கானது, அது நோயாளியின் மேல் சுமத்தப்பட்டதால். அவரே கேட்டுப் பெறும் ஓய்வில் குற்றம் எதுவும் இல்லை.

பிடித்த பொழுதுபோக்கின் மேலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆர்வமே எழவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் அதை நோயின் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

வீட்டார் கண்ணில்

எங்கள் பெரியம்மா சிக்குன்குனியாவிலிருந்து மீண்டுகொண்டிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூ கட்டுவார். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி, "பூ கட்ட முடியுது, அடுப்படிக்கு வர முடியலையாக்கும்?" என்று கேட்டுவிட்டார். "பூவை நான் நினைச்சப்ப கீழே வெச்சிடலாம்டி. உலையை வெச்சிட முடியுமா?" என்றார் பெரியம்மா. தேறும் காலம் பற்றி நான் படித்த எந்த நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. கூடையோ கட்டமோ, நிறுத்த நினைத்த கணத்தில் நிறுத்தலாம். சமையலையும் அலுவலகத்தையும் அப்படி நிறுத்த முடியாது. ஆகவே ஒருவர் பொழுதுபோக்கில் ஈடுபடுவதை அவர் வேலைக்குத் தயார் என்பதற்கான சான்றாகக் கொள்வது பெரிய பிழை. இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் ஆளாகிறவர்கள் பெண்கள். உட்கார்ந்து ஒரு வார இதழைப் புரட்டும் பெண்ணின் மேல் வீட்டின் கண் உடனே விழுகிறது. பழிச்சொல்லுக்குப் பயந்து கூடையை ஒளித்துவைத்துவிட்டு அரைகுறை உடம்போடு அடுப்படிக்குப் போய், மீண்டும் படுக்கையில் விழுந்த பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தப் பொழுது உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஓய்வே கிடைக்காதபோது பொழுதுபோக்கு பற்றிப் பேசுவது எப்படி என்ற கேள்வியும் நியாயமானது. காசநோயாளியின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும் 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் தருகிறது. கூலி இழப்பை அது ஈடுகட்டாது. வயிறு நிறைந்து, வாடகை பாக்கி இல்லாமல் இருந்தால்தான் மற்றதெல்லாம். அதோடு பொழுதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நோயைப் பற்றிப் பேசவும் குறுக்கெழுத்துக் கட்டங்கள் ஒருவருக்கு உதவின. பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழுக்கு 1958 முதல் புதிர் அமைத்து, 'அராக்கேரியா' என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஜான் கிரஹாம் ஒரு பாதிரியார். 2013 ஜனவரியில் அவர் அமைத்த ஒரு குறுக்கெழுத்தை விடுவித்தவர்கள், தனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்றும் வலி தணிக்கும் சிகிச்சை நடக்கிறது என்றும் அவர் சொல்லியிருப்பதைக் கட்டம் கட்டமாகக் கண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தம் 92ஆம் வயதில் அவர் மறைந்தார். நேரில் சந்தித்திராத ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தன் செய்தியைத் தானே, தன் மொழியில், தனக்குப் பிடித்த வடிவில் சொல்ல அவரால் முடிந்தது.

செய்யக்கூடியவை

நம்மிடம் இதற்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1931இலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1948இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. நூலகத்துக்கு வர இயலாதவர்களுக்குத் தன்னார்வலர் வழியே வீட்டுக்கே நூல் கொண்டுபோகும் 'நூலக நண்பர்கள்' திட்டமும் இங்கே இருக்கிறது. அந்தப் பையில் பெரிய எழுத்துக் குறுக்கெழுத்துத் தொகுப்பையும் கோல நோட்டையும் சேர்த்துக் கொடுக்க அதிகப் பணம் ஆகாது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில், என்ன சாப்பிடுவது என்பதற்குக் கீழே, நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று இரண்டு வரி எழுதலாம். மருத்துவர் மறுமுறை பார்க்கும்போது, "மாத்திரை போடறீங்களா?" என்று கேட்பதோடு, "பொழுது எப்படிப் போகுது?" என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு வரும் பதில், ரத்தப் பரிசோதனை காட்டாத சிலவற்றைக் காட்டும்.

வீட்டார் செய்ய வேண்டியது இன்னும் எளிது. என்ன பிடிக்கும் என்று கேட்டு அதைக் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். முடித்தாயா என்று கேட்காமல் இருக்க வேண்டும். விடை தெரிந்தாலும், அவர் கேட்கும்வரை சொல்லாமல் இருக்க வேண்டும். எப்போது எழுப்புவது, எப்போது ஊட்டுவது, எந்த மாத்திரை, எந்தப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் நாட்களில், அடுத்த கட்டத்தில் எந்த எழுத்து என்பதையாவது அவரே முடிவு செய்யட்டும். உடல் தேறுவதற்குக் காலம் ஆகலாம். தன் நாளைத் தானே ஆளும் பழக்கத்தை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை.